முதுகில் யாரும் பொட்டு வைப்பதில்லை

காளிச்சாமியிடம் ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் முதலில் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட வேண்டும். அப்புறம்தான் மற்றவர்கள் தொடலாம். கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி, மருந்தடிக்கிற ஸ்பிரேயர், மிக்சி, வாஷிங் மெஷின் எல்லாமே அவர் கையால் பொட்டு வாங்கியவைதான். மாறி மாறி வருகிற கேஸ் சிலிண்டருக்கும் விடாமல் வைப்பார். காலி சிலிண்டர்களை வண்டியில் ஏற்றுகிறவர் பாலக்காட்டு எல்லைக் கிராமமான எருத்தேன்பதியில் மற்ற வீடுகளுக்குச் சீட்டைப் பார்த்துத்தான் கணக்குச் சொல்வார். இந்த வீட்டுச் சிலிண்டருக்கு மட்டும் அவருக்குச் சீட்டு வேண்டியதில்லை.

ஆகவே அவர் மனைவி கற்பகம் ஆன்லைனில் வாங்கிய லேப்டாப் வந்து இறங்கியபோது என்ன நடக்கும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெட்டியைப் பிரித்து, பிளாஸ்டிக் உறைகளை உரித்து, கற்பகம் அதை மேசைமேல் வைத்தாள். காளிச்சாமி குளித்துவிட்டு, பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனக் கிண்ணத்தோடு வந்து, மூடியிருந்த லேப்டாப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். மூடிமேலேயே வைத்துவிடலாம், வழவழவென்றுதானே இருக்கிறது என்றாள் கற்பகம்.

“அது முதுகு புள்ள,” என்றார் காளிச்சாமி. “முதுகுல எவனாச்சும் பொட்டு வெப்பானா? தொற. மொகம் உள்ள இருக்குது.”

திறந்தாள். கறுத்த கண்ணாடி முகம். அதற்கு நெற்றி எது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. திரைக்கு மேலே ஓடிய ஒல்லிச் சட்டத்தில் இந்தக் கோடியிலிருந்து ஒரு சாண், அந்தக் கோடியிலிருந்து ஒரு சாண் அளந்து, நட்ட நடுவைக் கண்டுபிடித்து, மோதிர விரலால் சந்தனத்தை ஒற்றினார். அதன்மேல் குங்குமம். எந்தக் கல்யாணப் பெண்ணுக்கும் அவ்வளவு திருத்தமாகப் பொட்டு அமைந்திருக்காது. லேப்டாப்புக்குச் சக்கரம் இல்லாத குறையால் எலுமிச்சம்பழத்தை மேசைக்காலுக்கு அடியில் கொடுத்து நசுக்கினார். சூடம் கொளுத்துவதை மட்டும் கற்பகம் தடுத்துவிட்டாள்.

பின்னால் வந்த அத்தனை கூத்துக்கும் காரணம் இதுதான் என்று படிக்கிறவர்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். அந்த வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரிய ஒரு வாரம் ஆயிற்று.

கற்பகத்துக்கு லேப்டாப் எதற்கு என்று பால் சொசைட்டியில் ஆளாளுக்குக் கேட்டார்கள். மகள் மௌனிகா கோயமுத்தூரில் படிக்கிறாள், அவளுக்காக இருக்கும் என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள். கற்பகம் மறுக்கவில்லை. உண்மையில் அது அவளுக்கே அவளுக்காக, அவளுடைய இரண்டு மாடுகளின் பாலில் வாங்கியது. கொச்சியில் ஒரு கம்பெனி, மலையாளத்தில் வருகிற சமையல், தோட்டம், உடம்புக்கு மருந்து என்ற வீடியோக்களையெல்லாம் தமிழில் பேசி வெளியிடுகிறது. அதற்கு வீட்டிலிருந்தே வேலை செய்ய, இரண்டு பாஷையும் தண்ணீர்பட்ட பாடாகத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்திருந்தார்கள். எருத்தேன்பதிக்காரர்களுக்கு அது ஒரு தகுதி என்றே அதுவரை தோன்றியதில்லை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், பஸ்ஸில் எந்தக் கண்டக்டர் வருகிறாரோ அந்த பாஷை. மூச்சு விடத் தெரிந்தவர்கள் தேவை என்று விளம்பரம் பார்த்தது மாதிரி இருந்தது கற்பகத்துக்கு. போனில் குரலைப் பதிந்து அனுப்பினாள். குரல் பிடித்திருக்கிறது, போனில் இல்லாமல் லேப்டாப்பில் நேரில் பேசி ஒரு பரீட்சை, அது முடிந்தால் வேலை என்று பதில் வந்தது.

இங்கே கற்பகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கேமராவைக் கண்டால் அவளுக்குக் கண் மூடிக்கொள்ளும். வேண்டுமென்று செய்வதில்லை. எடுக்கிறவர் விரலை அழுத்துகிற அந்த நொடியில் இமை தானாக இறங்கிவிடும். கல்யாண ஆல்பத்தில் தாலி ஏறும்போது தூங்குகிறாள். ஆதாரில் தூங்குகிறாள். ரேஷன் கார்டில் இருப்பதைப் பார்த்து ஒருமுறை கடைக்காரர், ஆள் இருக்கிறார்களா என்று கேட்டார். இதையெல்லாம் சொல்லி வீட்டில் சிரிக்கும்போது முதலில் சிரிப்பவள் கற்பகம்தான். முதலில் சிரித்துவிட்டால் மற்றவர்கள் சிரிப்பது அவ்வளவாக உறைக்காது. பிறகு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். நீங்க நில்லுங்க, நான் எடுக்கறேன் என்று போனை வாங்கிக்கொள்வாள். அதனால் அந்தக் குடும்பத்தின் அத்தனை வருஷப் படங்களிலும் அவளைத் தவிர எல்லோரும் இருந்தார்கள். ‘அம்மா எங்கே’ என்று மௌனிகா சின்ன வயதில் ஒரு படத்தைப் பார்த்துக் கேட்டபோது, ‘நான்தான் எல்லாரையும் பாத்துட்டு இருக்கேனே’ என்று சொல்லியிருக்கிறாள். அப்போது அது நல்ல பதிலாகத்தான் தோன்றியது.

பரீட்சை வைத்தவள் ராஜஸ்ரீ. பூர்வீகம் கல்பாத்தி அக்ரகாரம், வேலை கொச்சியில். திரையில் அவள் முகம் பளிச்சென்று வந்தது. மூலையில் சின்னக் கட்டத்தில் கற்பகம் வரவேண்டிய இடத்தில் ஒரே இருட்டு.

“உங்களைக் காணலையே,” என்றாள் ராஜஸ்ரீ. “ஜன்னல் பக்கமாத் திரும்பி உக்காருங்கோ.”

கற்பகம் லேப்டாப்பை ஜன்னலுக்கு நேராகத் திருப்பினாள். இருட்டு செக்கச்செவேல் என்று ஆயிற்று. வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் இமைக்குள் தெரியுமே, அந்தச் சிவப்பு. அதைப் பார்த்ததும் கற்பகத்துக்கு நியாயமாகக் கவலை வந்திருக்க வேண்டும். வந்தது கவலை இல்லை. வயிற்றுக்குள் எதுவோ அவிழ்ந்து காலை நீட்டி உட்கார்ந்தது. அந்தச் சிவப்பு இருட்டுக்குள்ளிருந்து, ராஜஸ்ரீ சும்மா கேட்டதற்கெல்லாம் அவள் மடமடவென்று பதில் சொன்னாள். பலாக்கொட்டையை எப்படி உரிப்பது என்று இரண்டு பாஷையிலும் சொல்லி, இடையில் ஒரு கிண்டலும் செய்தாள். தன் வாயிலிருந்து இப்படியெல்லாம் வருமா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

குரல் நன்னாயிருக்கிறது, ஆனால் முகம் தெரியாமல் பரீட்சையாக எடுத்துக்கொள்ள முடியாது என்றாள் ராஜஸ்ரீ. முன்பு ஒரு பெண் பேசும்போது பக்கத்தில் அவள் அத்தை உட்கார்ந்து காதில் ஓதியிருக்கிறாள், அதிலிருந்து கம்பெனியில் இந்த விதி. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு இன்னொரு முறை. அதுதான் கடைசி, சனிக்கிழமை ஆட்களை முடிவு செய்துவிடுவார்கள்.

அன்றிலிருந்து அந்த வீடு கஸ்டமர் கேர் ஆபீஸாகிவிட்டது. மௌனிகா விடுதியிலிருந்து போனில், இதை அழுத்து, அதை அழுத்து, அணைத்துப் போடு என்று அம்மாவை ஆட்டி வைத்தாள். கேமராவை மறைத்து ஸ்டிக்கர் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று கேட்டாள். எல்லாவற்றையும் உரித்தாயிற்று என்றாள் கற்பகம். பிறகு விற்ற கம்பெனிக்கு அடித்தார்கள். மலையாளத்தில் ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள். திரைக்கு மேலே, சரியாக நடுவில், வட்டமாக ஒன்று தெரிகிறதா என்றாள். தெரிகிறது என்றாள் கற்பகம். அதை மெல்லிய துணியால் துடைத்தீர்களா என்றாள். உடனே துடைத்தாள். சாமி படத்தைத் துடைக்கும்போது பொட்டு கலையாமல் சுற்றிச் சுற்றித் துடைப்போமே, அந்தப் பக்குவத்தில் துடைத்தாள். துடைத்தேன், மாற்றமில்லை என்றாள். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. பொட்டு என்பது ஒரு முகத்தின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிற பொருள் என்று கற்பகம் பிறந்ததிலிருந்து நினைத்ததில்லை. அது முகத்தில் சேர்த்தி.

இதற்கிடையில் காளிச்சாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. பொட்டு வைத்து, பழம் நசுக்கி வீட்டுக்குள் எடுத்த பொருள் கண்ணில்லாமல் இருப்பதை அவர் தனக்கே நடந்த அவமானமாக எடுத்துக்கொண்டார். பால் சொசைட்டியில் சொன்னார், டீக்கடையில் சொன்னார், கடைசியில் பஞ்சாயத்து மெம்பர் பூபதிராஜாவிடம் சொன்னார். பூபதிராஜாவுக்கு அந்த வாரம் பேச வேறு விஷயம் இல்லை. காளிச்சாமியின் போனிலேயே கஸ்டமர் கேருக்கு அடித்து, எல்லையில் இருக்கிறவர்கள் என்றால் இளக்காரமா, குருட்டுச் சாமானைத் தள்ளிவிடுவதற்கு நாங்கள்தான் கிடைத்தோமா, சட்டசபை வரைக்கும் கொண்டுபோவேன் என்று முழங்கினார். அந்தப் பக்கம் பாதியிலேயே பாட்டுப் போட்டுவிட்டார்கள். அது நின்றபின் மிச்சத்தையும் முழங்கினார். மறுநாள் செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் ஆள் வருவார், பழையதை எடுத்துக்கொண்டு வேறு தருவார்கள். பூபதிராஜா மீசையைத் தடவிக்கொண்டதை டீக்கடையில் எல்லோரும் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பதினொரு மணி வாக்கில் முதுகில் பெரிய பையோடு ஜிபின் வந்தான். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஆள். சாமான் மாற்றுவதை மேற்பார்வை பார்க்க அவனுக்கு முன்னாலேயே பூபதிராஜா வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஜிபினின் பையில் புது லேப்டாப் இல்லை.

“புதுசு திங்களாழ்ச்சைக்குத்தான் வரும், சேச்சி,” என்றான். “இன்னைக்கு இத எடுத்திட்டுப் போகான் மாத்திரம்தான் பறஞ்சிருக்கு.”

பூபதிராஜா எழுந்து நின்று பேச ஆரம்பித்தார். காளிச்சாமி கூடவே சேர்ந்துகொண்டார். மூன்று மணிக்குப் பரீட்சை இருக்கிறது, இப்போது எடுத்துக்கொண்டு போனால் என்ன செய்வது என்று இருவரும் மாறி மாறிக் கேட்க, தன்னிடம் கேட்டால் தான் என்ன செய்ய என்று ஜிபின் போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். அடியில் இருக்கும் எண்ணைச் சரிபார்த்து வாங்கிப் போவது மட்டும்தான் அவன் வேலை. திறந்துகூடப் பார்க்க வேண்டியதில்லை.

இருங்கள், முகத்தைக் கழுவிக்கொண்டு எடுத்து வருகிறேன் என்று கற்பகம் உள்ளே வந்தாள்.

குழாயடியில் தண்ணீரை வாரி வாரி முகத்தில் அடித்துக்கொண்டாள். பரீட்சை போயிற்று. சனிக்கிழமை வேறு யாரையாவது முடிவு செய்துவிடுவார்கள். அழ வேண்டிய நேரம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் முதல் நாள் சிவப்பு இருட்டைப் பார்த்தபோது காலை நீட்டி உட்கார்ந்த அந்த ஒன்று இப்போதும் உள்ளே சௌகரியமாகச் சாய்ந்துகொண்டது. அப்பாடா என்றது. மிஷின் கெட்டுப்போச்சு, நான் என்ன பண்ணட்டும் என்று இனி எத்தனை வருஷம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம் என்றது. கற்பகம் அந்தக் குரலைக் கேட்டாள். அடையாளமும் தெரிந்தது. நீங்க நில்லுங்க, நான் எடுக்கறேன் என்று இத்தனை வருஷம் சொல்லிவந்தது அதுதான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் வந்தாள். கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, பார்க்காமலேயே, புருவத்துக்கு மேலே, சரியாக நடுவில்.

விரல் அங்கேயே நின்றுவிட்டது.

மேலே, சரியாக நடுவில், வட்டமாக ஒன்று. தேன் ஒழுகிய அந்தப் பெண்ணின் குரல் காதில் அப்படியே வந்தது. கற்பகம் நெற்றியில் விரலோடு கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். தலையை மெதுவாகத் திருப்பி மேசைமேல் திறந்திருந்த லேப்டாப்பைப் பார்த்தாள். அதுவும் பொட்டோடு அவளைப் பார்த்தது. பார்க்கவில்லை, பாவம், அதற்குத்தான் கண்ணை அப்பிவிட்டிருந்தார்களே.

சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பி மேலே வந்து தொண்டையில் முட்டியது. துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். வெளியே மெம்பர் சட்டசபை வரைக்கும் போய்க்கொண்டிருந்தார். கற்பகம் துண்டைக் கடித்துக்கொண்டு குலுங்கினாள்.

அப்போதுதான் உள்ளே சாய்ந்திருந்த அந்த ஒன்று மெல்ல எழுந்து அவள் காதில் பேசியது. இது உனக்கு மட்டும்தானே தெரியும் என்றது. மூடி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிடு. அந்தப் பையன் திறக்கக்கூட மாட்டான். ஒருத்தருக்கும் தெரியாது. பரீட்சையும் இல்லை, முகமும் காட்ட வேண்டாம், வீட்டுக்காரர் மானமும் தப்பும்.

எவ்வளவு நேர்த்தியான யோசனை. கற்பகம் ஒரு கணம் அதை உண்மையாகவே கையில் எடுத்துப் பார்த்தாள். லேப்டாப்பின் மூடியில் கை வைத்தாள். பாதி மூடினாள். அந்தப் பாதியில், பொட்டு வைத்த அந்தக் கறுத்த முகம் குனிந்துகொண்டது, படம் எடுக்கும்போது கல்யாணப் பெண்கள் குனிவது மாதிரி, அவள் குனிந்தது மாதிரி. மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. இந்த முறை துண்டு போதவில்லை. சிரிக்கிற வாயோடு ஒரு காரியத்தை ஒளித்துவைக்க முடியாது என்று தெரிந்துபோயிற்று.

“ஏனுங்க,” என்று கூப்பிட்டாள். “கொஞ்சம் உள்ள வந்துட்டுப் போங்க.”

காளிச்சாமி வந்தார். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணீர் வழிய நின்ற மனைவியைப் பார்த்துப் பதறிப்போனார். லேப்டாப் போவதற்காக அழுகிறாள் என்று நினைத்து, அழாதே, திங்கட்கிழமை வேறு வந்துவிடும் என்றார். கற்பகத்தால் பேச முடியவில்லை. விரலை நீட்டிப் பொட்டைக் காட்டினாள். பிறகு தன் கண்ணைக் காட்டினாள். மறுபடியும் பொட்டைக் காட்டினாள்.

காளிச்சாமி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். தென்னை மரத்தில் வண்டு துளைத்த ஓட்டையைப் பார்ப்பது மாதிரி வெகுநேரம் பார்த்தார். பிறகு கதவை நன்றாகச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“கண்ணு இங்கயா இருக்குது? நெத்திலயா கண்ண வெப்பானுக?”

“சாமிக்கு இல்லீங்களா?” என்றாள் கற்பகம்.

காளிச்சாமி தன் நெற்றியை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். ஆனால் அவள் துணியை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை அதுவுமாக, வீட்டுக்கு வந்த ஒன்றின் பொட்டை அழிப்பதாவது. கம்பெனியே முழுகிப்போனாலும் பரவாயில்லை, அதை மட்டும் செய்யக்கூடாது. அவர் முகத்தைப் பார்த்தாள் கற்பகம். விளையாட்டில்லை. உண்மையாகவே பயந்துபோயிருந்தார். பொட்டை அழிப்பது என்ற சொல்லே அவர் காதில் வேறு எங்கெங்கோ போய் இடித்துக்கொண்டிருந்தது.

வெளியே ஜிபின் பைக்கின் ஹாரனை ஒருமுறை மெதுவாக அழுத்தினான்.

“அழிக்கறதுன்னு ஆரு சொன்னா?” என்றாள் கற்பகம். “வெள்ளிக்கெழம பொம்பளைங்க தலைக்குக் குளிக்கறதில்லீங்களா? குளிச்சா பொட்டுப் போகுது, மறுபடி வெச்சுக்கறம். அதுக்குத் தலைக்கு ஊத்தி உட்டுட்டு வேற பொட்டு வெப்பம்.”

காளிச்சாமி யோசித்தார். கரண்டுச் சாமானுக்குத் தலைக்கு ஊற்றுவதா என்றார். ஈரத்துணிதான், அதற்கு அது குளியல் என்றாள். அப்படியானால் புதுப் பொட்டு எங்கே வைப்பது, நெற்றியில் கண் இருக்கிறதே, முதுகில் வைக்க அவர் சம்மதிக்க மாட்டாரே.

“பொறந்து ஒரு வாரந்தான ஆச்சு,” என்றாள் கற்பகம். “கொழந்தைக்கு எங்கீங்க வெப்பாங்க, நெத்திலயா? கன்னத்துல. கண்ணுப் படாம இருக்க.”

அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்கிற மாதிரி தலையை ஆட்டினார். சந்தனக் கிண்ணத்தை அவரே ஓடிப்போய் எடுத்து வந்தார். கற்பகம் வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, நெற்றியில் வைத்து ஊறவிட்டு, மெதுவாக எடுத்தாள். பன்னீரில் குழைத்த சந்தனம் நன்றாகத்தான் பிடித்திருந்தது. அடியில் கறுப்பாக, மிளகைவிடச் சின்னதாக ஒரு கண் எட்டிப் பார்த்தது. காளிச்சாமி திரைக்குக் கீழே வலது ஓரத்தில், மோதிர விரலால், இம்முறை பொடிசாக ஒரு பொட்டு வைத்தார்.

கேமராவைத் திறந்தார்கள். திரையில் இரண்டு பேர் வந்தார்கள். ஒரு மீசைக்காரர், முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு. பக்கத்தில் முன்மயிர் நனைந்த ஒரு பெண்.

“நீதானா அது?” என்றார் காளிச்சாமி.

மெம்பர் பேசிய பேச்சையெல்லாம் நினைத்துப் பார்த்தவர்போல அவர் சட்டென்று கற்பகத்தின் பக்கம் திரும்பினார். ஊரில் ஒரு ஈ காக்கைக்கு இது தெரியக்கூடாது, சத்தியம் பண்ணு என்று கையை நீட்டினார். கற்பகம் அவர் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். கை முழுக்கக் குங்குமமாக இருந்தது.

வெளியே போய், சரியாகிவிட்டது, தானாகவே தெரிய ஆரம்பித்துவிட்டது என்று கற்பகம் சொன்னாள். காளிச்சாமி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாம் கெட்டுவிடும் என்று ஒரு நொடி தோன்றியது. ஆனால் பூபதிராஜா மெதுவாக நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“தானா எங்கீங்கக்கா தெரியும்?” என்றார். “அன்னைக்கு நாம் போட்ட போடுல, அங்கிருந்தே சரி பண்ணி உட்டுட்டானுக. இப்பெல்லாம் கம்பிலயே பண்ணிருவானுக. பயம் இருக்கோணும்.”

இருக்கோணுங்க என்று காளிச்சாமி நன்றியோடு ஒத்துக்கொண்டார். ஜிபின் மட்டும் கற்பகத்தின் கையையும் காளிச்சாமியின் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். இருவர் கையிலும் குங்குமம். அப்போ கேன்சல் ஆக்கட்டே சேச்சி என்று அவள் போனுக்கு வந்த ஓடிபி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். பைக் வளைவில் திரும்பும்போது அவன் தோள்கள் குலுங்குவதைக் கற்பகம் பார்த்தாள்.

மூன்று மணிக்கு ராஜஸ்ரீ வந்தாள். மூலைக் கட்டத்தில் கற்பகமும் வந்தாள். அந்தக் கட்டத்தைப் பார்க்காமல் இருக்க எவ்வளவு முயன்றாலும் கண் அங்கேதான் போயிற்று. காதோரம் நரை. இடது புருவம் கொஞ்சம் உயரம். இத்தனை வருஷம் எல்லோரும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்களா?

இன்றைக்குக் காலையில் வீட்டில் நடந்த ஏதாவது ஒன்றை முதலில் மலையாளத்தில் சொல்ல வேண்டும், பிறகு அதையே தமிழில் சொல்ல வேண்டும் என்றாள் ராஜஸ்ரீ. எழுதிவைத்துப் படிக்கக்கூடாது. அவ்வளவுதான் பரீட்சை.

காலையில் நடந்தது என்று ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தாயிற்று. கற்பகம் மாடு கறந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். மாட்டைக் கறந்தேன். பால் கொண்டுபோய் ஊற்றினேன். திரும்பி வந்தேன். வார்த்தைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து அங்கங்கே படுத்துக்கொண்டன. ராஜஸ்ரீயின் முகத்தில் மரியாதை மட்டும் மிஞ்சியிருந்தது. அன்றைக்கு இருட்டில் பேசியவரைத் தேடுகிறாள் என்று கற்பகத்துக்குப் புரிந்தது.

“கண்ணை ஏன் இப்பிடி மூடிக்கறேள்?” என்றாள் ராஜஸ்ரீ, மெதுவாக. “வெளிச்சம் கூசறதோ?”

கற்பகம் கண்ணைத் திறந்தாள். எதிரே திரைக்கு மேல் மிளகுக்கண். கீழே கன்னத்தில் பொடிசான பொட்டு. அது ஒரு குழந்தை அவளையே பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. தொண்டையில் சிரிப்பு மறுபடி முட்டியது. வாசற்படியைப் பார்த்தாள். தேங்காய் உரிக்கிற பாவனையில் ஒரே தேங்காயை அரைமணியாகத் தட்டிக்கொண்டிருந்த காளிச்சாமி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். அவர் தலையைச் சொறிந்தார். கொச்சி எங்கே, எருத்தேன்பதி எங்கே என்று மனசுக்குள் தூரத்தை அளந்திருப்பார். பிறகு கையை வீசினார், சொல்லித் தொலை என்பதுபோல.

சொன்னாள். மலையாளத்தில் ஆரம்பித்தபோது ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து ஆரம்பித்தாள். காளிச்சாமி கட்டைவிரலால் அழுத்திப் பொட்டு வைத்ததை, முதுகைப் பற்றிச் சொன்னதை, தேன் ஒழுகிய பெண்ணை, சுற்றிச் சுற்றித் துடைத்ததை, மெம்பரை, ஜிபினின் தோளை. தமிழுக்கு வந்தபோது கதை இன்னும் கொழுத்துவிட்டது. ராஜஸ்ரீ முதலில் வாயைப் பொத்தினாள், பிறகு நாற்காலியோடு பின்னால் சாய்ந்தாள், பிறகு திரையிலிருந்தே காணாமல் போனாள். சிரிப்பு மட்டும் வந்துகொண்டிருந்தது. திரும்பி வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, தங்கள் வீட்டு கிரைண்டருக்கு அப்பா விபூதிப் பட்டை அடிப்பார், அதைத் துடைக்க அம்மாவுக்கு இன்னும் தைரியம் வரவில்லை என்றாள்.

“திங்கக்கிழமையே ஆரம்பிச்சுடலாம்,” என்றாள். “இதே குரல்ல பேசணும், கேட்டேளா? முதல்ல மாடு கறந்தேளே, அந்தக் குரல் வேண்டாம்.”

கற்பகம் மூலைக் கட்டத்தைப் பார்த்தாள். அதில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பில் கண் இரண்டும் அடைத்துப்போய் ஒரு கோடாக இருந்தது. இந்தப் படத்திலும் கண் மூடித்தான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது.

ராஜஸ்ரீ போனபின், காளிச்சாமி தேங்காயைக் கீழே வைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றார். வேலை கிடைத்ததைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று கற்பகம் காத்திருந்தாள். அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது, கூடவே ஒரு மனத்தாங்கலும் இருந்தது.

“எல்லாஞ் செரியாத்தான் சொன்ன,” என்றார். “ஒரு எடத்துல மட்டும் தப்பு உட்டுட்ட. நாங் கட்டவெரல்லயா வெச்சேன்? மோதர வெரல்ல வெச்சேன். அந்தம்மிணிக்குப் போனப் போட்டு அதத் திருத்திச் சொல்லிப்போடு.”